கொள்ளும் படியும் கொடுக்கும் படியும்

தோற்றுவாய்

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், அவர்தம் செல்வப் பெருக்கைப் பாடியதோடு அமையவில்லை. பிறரிடமிருந்து கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், பிறர்க்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் வாழ்ந்த அவர்தம் நடுவுநிலை நெஞ்சத்தையும் பட்டினப்பாலையில் போற்றினார். அந்நூல் எழுந்து சில நூற்றாண்டுகள் கழிந்தபின் அரபு நாட்டில் அருளப்பெற்ற திருமறையின் 83 ஆம் அத்தியாயம், அளவையில் மோசம் செய்வோரை எச்சரித்துத் தொடங்குகிறது. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைய வாங்கிக்கொண்டு, பிறர்க்கு அளந்து கொடுக்கும்போது குறைத்து விடுவோர்க்குக் கேடு உண்டு என்பது அதன் கருத்து. தமிழ்ப் புலவரின் புகழுரையும் இறைமறையின் எச்சரிக்கையும் இவ்வாறு ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. கொள்ளுதற்கு ஒரு படி, கொடுத்தற்கு வேறொரு படி என இரண்டு படிகள் வைத்திருத்தல் தீது என்பதே அவ்விடம்.

கடையில் இரண்டு படி வைத்திருப்பவனை நாம் எளிதில் கண்டுகொள்கிறோம். அவனை ஊரறிய இகழவும் செய்கிறோம். ஆயின் மனிதரின் பழக்கவழக்கங்களை அளக்கும்போது நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் இரண்டு படிகள் இருப்பதை நாம் உணர்வதில்லை. ஒருவர் செய்தால் ‘பழக்கம்’. அதனையே மற்றொருவர் செய்தால் ‘ஒழுக்கக்கேடு’. செய்தவர் ஆணா பெண்ணா, செல்வரா ஏழையா, முதியவரா இளையவரா, நம்மவரா பிறரா என்று பார்த்த பின்னரே செயலை எடைபோடத் தொடங்குகிறோம். இந்த இரட்டை அளவையை, யாவர்க்கும் தெரிந்த புகையிலைப் பழக்கத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு விசாரணை

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நாம் வேறொரு கல்லூரியில் பணியாற்றிக் கொண்டிருந்தோம். விடுதியின் பின்புறத்தில் புகைபிடித்துக் கொண்டிருந்த மாணவர் இருவர் ஒரே நேரத்தில் பிடிபட்டனர். ஒருவன் கையில் இருந்தது சிகரெட். மற்றவன் கையில் இருந்தது பீடி. ஐவர் கொண்ட ஒழுங்குக் குழு கூடிற்று. அக்குழுவில் நாமும் ஒருவராக இருந்தோம்.

சிகரெட் பிடித்த மாணவனின் தந்தையார் கல்லூரிக் கட்டடத்திற்கு நன்கொடை வழங்கியவர். அவர் வந்தார், அவர்க்கு நாற்காலியும் தேநீரும் தரப்பட்டன. ‘வயதுக் கோளாறு’ என்று குழுவினர் கூறினர். மன்னிப்புக் கடிதம் ஒன்று பெற்றுக்கொண்டு அம்மாணவனை வகுப்பிற்கு அனுப்பினர். பீடி பிடித்த மாணவனைக் குறித்து, ‘கீழான சகவாசம், விடுதியையே கெடுத்துவிடுவான்’ என்றனர். அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அவன் தாயார் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். “இந்தப் பீடியச் சுத்தித்தான் சார் இவனப் படிக்க வச்சேன், இதாலயே இவன் படிப்புப் போவுதே” என்று மட்டும் சொன்னார். உட்காருங்கள் என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை.

குழுவினர் ஐவருள் இருவர் நாள்தோறும் புகைபிடிப்பவர்கள். ஒருவர் புகையிலை சேர்த்து வெற்றிலை மெல்பவர். அத்தீர்மானத்தில் நாமும் கையொப்பமிட்டோம். முடிவு தவறு என்று அப்போதே உள்ளத்தில் பட்டது. ஆயினும் மூத்தோர் நடுவே வாய்திறக்கத் துணிவு வரவில்லை. அந்த இளைஞன் பின்னர் எக்கல்லூரியிலும் சேரவில்லை என்று கேள்வியுற்றோம். இரட்டை அளவை என்பது வெறும் சொல்லாராய்ச்சிக்கு உரிய பொருளன்று என்பதை அன்று அறிந்தோம்.

காப்பி பெற்ற தீர்ப்புகள்

பழக்கம் ஒன்றைச் சமூகம் ஏற்பதும் மறுப்பதும் அப்பழக்கத்தின் இயல்பைப் பொறுத்தே அமைகின்றன என்று நாம் நம்புகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இன்று பள்ளிவாசல் முற்றத்திலும் திருமண வீட்டிலும் தயக்கமின்றி வழங்கப்படும் காப்பியை எடுத்துக்கொள்வோம். 1511 ஆம் ஆண்டு மக்கா நகரில் மம்லூக் அரசின் அதிகாரியாக இருந்த கைர் பெக், காப்பி அருந்துவதைத் தடைசெய்தார். காப்பிக் கடைகள் மூடப்பட்டன. காப்பியின் தன்மையைக் காட்டிலும், அதனைச் சாக்காகக் கொண்டு மக்கள் கூடிப் பேசியதே அதிகாரத்தின் கண்ணை உறுத்திற்று எனலாம். கெய்ரோவிலிருந்த சுல்தானின் அரசு அந்த முழுத்தடையை ஏற்கவில்லை, தடை தளர்ந்தது. பின்னாளில் ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளைப் பாபா புதன் என்னும் சூஃபிப் பெரியார் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழிச் செய்தி. அம்மலைத்தொடர் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தமிழகத்திலும் காப்பி எளிதில் வரவேற்பைப் பெற்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது உடலைக் கெடுக்கும் பானம், குடும்பத்தைக் கெடுக்கும் பழக்கம் என்றெல்லாம் பழிக்கப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் அதுவே நடுத்தர வகுப்பினரின் விருந்தோம்பல் அடையாளமாயிற்று; தேநீர் உழைப்பாளிகளின் பானமாக எண்ணப்பட்டது. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் இம்மாற்றத்தை விரிவாகக் காட்டியுள்ளார். அந்தத் தேநீரிலும் மற்றொரு பிரிவினை புகுந்தது. தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1955 இல் இயற்றப்பட்ட பின்னரும், பல சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் சாதியைப் பார்த்து வெவ்வேறு குவளைகளில் தேநீர் தரும் வழக்கம் நீடித்தது. ஒரே அடுப்பு, ஒரே தேயிலை, ஒரே பால். குவளை மட்டும் இரண்டு. இரட்டை அளவையைக் கண்ணால் காணவேண்டுமெனில் அந்த இரட்டைக் குவளையைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஓர் இலையின் பல முகங்கள்

இனிப் புகையிலைக்கு வருவோம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த இச்செடி, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியத் துறைமுகங்களை அடைந்தது. பீஜப்பூரிலிருந்து அசத் பேக் என்பவர் அக்பரின் அவைக்குப் புகையிலையைக் கொண்டுவந்தார். அக்பரின் மைந்தர் ஜஹாங்கீர் 1617 ஆம் ஆண்டு அதனைத் தடைசெய்தார். அதற்கு முன்னரே, 1604 இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்துத் தனிநூலே எழுதியிருந்தார். அரசர்கள் தடுத்தும் அது பரவியது. தமிழ்ப் புலவர் உள்ளத்தையும் அது கவர்ந்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ என்று ஒரு தூதிலக்கியமே பாடினார், அதனை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து அளித்தார். அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூதுவிட்ட மரபில் புகையிலையும் ஓர் இடம் பெற்றமை, அக்காலச் சமூகத்தில் அதற்கிருந்த மதிப்பைப் புலப்படுத்தும்.

இந்த ஓர் இலை நம்மிடையே பெற்ற முகங்கள் பல. பொடியாக்கி வெள்ளிச் சிமிழில் வைத்தபோது அது பண்டிதர்க்கு அழகாயிற்று. வெற்றிலைச் செல்லத்தில் வைத்தபோது வீட்டுப் பெரியோரின் உரிமையாயிற்று. வெள்ளைத் தாளில் சுற்றப்பட்டுத் திரைப்பட நாயகனின் இதழில் ஏறியபோது ஆண்மைக்கும் நாகரிகத்திற்கும் அறிகுறியாயிற்று. பழுப்பு இலையில் சுற்றப்பட்டுத் தொழிலாளியின் காதுமடலில் செருகப்பட்டபோது தாழ்வாயிற்று. பெண்ணின் விரலிடையே காணப்பட்டபோது குடும்ப மானத்தையே அழிப்பதாயிற்று. ஆனால் நிகோட்டின் என்னும் நச்சுப்பொருளும், புற்றுநோய்க்கு ஏதுவான வேதிப்பொருள்களும் இம்முகங்கள் யாவற்றுக்கும் பொதுவானவை. இலைக்குச் சாதியும் தெரியாது. சிமிழின் விலையும் தெரியாது.

பீடி சுற்றும் கைகள்

நெல்லை, தென்காசி, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பீடி சுற்றுதல் பெண்களின் வீட்டுத் தொழில். மேலப்பாளையம், கடையநல்லூர், பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் நம் சமுதாயப் பெண்கள் பலர் இத்தொழிலால் குடும்பம் காத்துள்ளனர். மத்தியப் பிரதேசம், சத்தீசுகர், ஒடிசா ஆகிய மாநிலக் காடுகளிலிருந்து வரும் இலையை நீரில் நனைத்து, கத்தரிக்கோலால் அளவாக வெட்டி, தூளை இட்டுச் சுருட்டி, முனையை மடித்து, நூலால் கட்டுவர். மடியில் முறம், அருகில் தொட்டிலில் குழந்தை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். சரியில்லை என்று கழிக்கப்படும் பீடிக்குக் கூலி இல்லை. இத்தொழிலாளர் நலனுக்கென 1966 இல் தனிச்சட்டமே வந்தது. புகையிலைத் தூளை ஓயாது சுவாசிப்பதால் இருமலும் தலைச்சுற்றலும் இப்பெண்களுக்குப் பழகிப் போன துன்பங்கள்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ஒரு பெண் நாள்முழுதும் குனிந்தமர்ந்து நூற்றுக்கணக்கான பீடிகளைச் சுற்றலாம். அந்த வருவாயில் மகனைப் படிக்க வைக்கலாம். மகளுக்கு மணம் முடிக்கலாம். அதனைச் சமூகம் உழைப்பு என்று பாராட்டும். அவற்றுள் ஒன்றை அவள் வாயில் வைத்துவிட்டால் அதே சமூகம் அவளைக் குடியிலிருந்தே விலக்கும். அவள் சுற்றிய பீடியை வாங்கிப் புகைக்கும் ஆடவனை அது ஒன்றும் கேட்பதில்லை. பெண்கள் புகைபிடிக்க வேண்டும் என்று நாம் கூறவரவில்லை. புகைப்பது யாவர்க்கும் கேடே. ஆனால் அவளிடம் நாம் கண்டு வெகுள்வது புகையின் கேட்டையா, அவள் பெண் என்பதையா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும்.

புள்ளிவிவரங்களும் இதனையே உணர்த்துகின்றன. 2016–17 இல் இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவரிடையே நடத்தப்பெற்ற புகையிலைப் பழக்க ஆய்வின்படி, புகைக்கும் பெண்கள் நூற்றுக்கு 2 பேர். மெல்லுதல் போன்ற புகையில்லா வகையில் புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர். ஆடவருள் புகைப்போர் நூற்றுக்கு 19 பேர். புகையில்லா வகையைப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர். பெண்ணைப் புகையிலையிலிருந்து சமூகம் காத்துவிடவில்லை. பிறர் கண்ணில் படாத வகைக்கு அவளைத் தள்ளியிருக்கிறது என்றே இவ்வெண்கள் தோன்றச் செய்கின்றன. புகை ஊருக்குத் தெரியும். கன்னத்தில் அடக்கிய புகையிலை தெரியாது. ‘வெற்றிலைக்குப் போடுவது புகையிலைப் பழக்கம் ஆகாது’ என்று நம் வீட்டு மூதாட்டியர் பலர் இன்றும் நம்புகின்றனர். புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதர்க்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் யார்?

கள்ளும் சீமைச் சாராயமும்

குடியைப் பற்றிய அளவையும் இத்தகையதே. சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சி தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட பண்பினை, அவன் மறைவுக்கு இரங்கிய ஔவையார் மறைக்காமல் பாடுகிறார். அவரைப் பெண் என்று தனியே பழித்தவர் எவரும் அங்கு இல்லை. பின்வந்த திருவள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என்று 93 ஆம் அதிகாரம் வகுத்துக் குடியைக் கடிந்தார். இசுலாமிய மார்க்கம் மதுவை முற்றாக விலக்கிற்று. இவ்விரண்டு அறநெறிகளும் ஏழையின் கள்ளுக்கு ஒரு நீதி, செல்வரின் புட்டிக்கு ஒரு நீதி என்று வகுக்கவில்லை.

வகுத்தவர்கள் நாமே. 1937 இல் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று; 1948 இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971 இல் நிறுத்தப்பட்டு, 1974 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்து, 1981 இல் மறுபடி தளர்த்தப்பட்டது. 1987 இல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. ஆனால் ஆலைகளில் செய்யப்பட்டுப் புட்டிகளில் அடைக்கப்பட்ட சீமை மதுவகை விற்பனையில் நீடித்தது. 2003 முதல் அதன் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே ஏற்று நடத்திவருகிறது. கள்ளுக்கு வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று. மயக்கம் தருவது என்பதே தடைக்குக் காரணமாயின், பனையிலிருந்து இறங்கும் மயக்கம் குற்றமாகவும் புட்டியிலிருந்து இறங்கும் மயக்கம் வருவாயாகவும் ஆனது எவ்வாறு என்பதே வினா.

அரசைக் கேட்கும் வாயால் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். குடித்துத் தெருவில் விழும் கூலித் தொழிலாளியின் பெயரை ஊர் முழுதும் பேசுகிறோம். பூட்டிய அறையில் விலையுயர்ந்த புட்டியைத் திறப்பவரின் பெயரை அறிந்தும் அடக்கிப் பேசுகிறோம். திருமறை இருவர்க்கும் ஒன்றே. ஊர்ப்பேச்சு மட்டும் இரண்டு.

மரியாதையும் நாணமும் மறைத்த நோய்

இரட்டை அளவையால் இகழப்படுவோர்க்கு மட்டுமே தீங்கு என்று கருதுவது பிழை. சலுகை பெறுவோரையும் அது வருத்தும். நாம் நன்கறிந்த மஹல்லாவில் பெரியவர் ஒருவர் இருந்தார். மார்க்க அறிவும் ஈகையும் உடையவர். எந்நேரமும் அவர் வாயில் புகையிலை சேர்ந்த வெற்றிலை இருக்கும். கன்னத்தின் உட்புறம் வெண்திட்டுத் தோன்றியதை அருகிலிருந்தோர் பலர் கண்டனர். ‘அவர்களிடம் போய் எப்படிச் சொல்வது’ என்று அனைவரும் வாளா இருந்தனர். அதே மக்கள் தெருமுனையில் பீடி பிடித்த சிறுவனைக் கடிந்தனர்; காதைத் திருகினர். சிறுவனுக்குக் கிடைத்த எச்சரிக்கை பெரியவர்க்குக் கிடைக்கவில்லை. வாய் திறக்க இயலாமல் போனபின் மருத்துவமனைக்குச் சென்றார், காலம் கடந்துவிட்டது.

அதே தெருவில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர்க்கும் அதே நோய் வந்தது. அவர் புகையிலையை முந்தானையில் முடிந்து வைத்து, மருமகள் அறியாமல் மென்றுவந்தவர். வாயில் புண் வந்தபோது அதைச் சொன்னால் பழக்கமும் வெளிப்படும் என்று அஞ்சினார். பல மாதங்கள் மறைத்தார். முன்னவரை மரியாதை கொன்றது. பின்னவரை நாணம் கொன்றது. ஒன்றைப் பாராமல் விட்டும் மற்றொன்றைப் பழித்தும் இரு உயிர்களையும் இழந்தது ஊர். இரண்டு படிகளில் எந்தப் படியால் அளக்கப்பட்டாலும் மனிதர்க்கு இழப்பே மிஞ்சுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் புகையிலையால் உயிரிழக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாம் புகைக்காமல் பிறர் விடும் புகையைச் சுவாசித்து இறப்போரும் அவருள் அடங்குவர். வீட்டுத் தலைவர் புகைக்கும் புகையைக் குடும்பமே குடிக்கிறது. ‘அது அவர் சொந்தப் பழக்கம்’ என்று நாம் விட்டுவிடும் பழக்கம் முழுதும் சொந்தப் பழக்கமாக இருப்பதில்லை.

ஒரே அளவை

குறைஷியரின் மக்ஸூம் கிளையைச் சேர்ந்த உயர்குடிப் பெண் ஒருத்தி திருடிய செய்தி ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளது. குடிப்பெருமை கருதி அவளுக்காகப் பரிந்துரை செய்யப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. உயர்ந்தோர் குற்றம் செய்தால் விட்டுவிட்டு, எளியோர் செய்தால் தண்டித்தமையே முன்னைய சமுதாயங்களின் அழிவுக்குக் காரணம் என்று எச்சரித்தார்கள். தம் அருமை மகளாரே அக்குற்றத்தைச் செய்திருப்பினும் சட்டம் வளையாது என்று அறிவித்தார்கள். நாம் கையொப்பமிட்ட அந்தத் தீர்மானத்தை இந்த ஹதீஸின் முன் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் தலை தாழ்கிறது.

நாணமும் கற்பும் பெண்ணுக்கே உரியவை என்று கருதுவோர், திருமறையின் 24 ஆம் அத்தியாயத்தை ஊன்றிப் பயிலுதல் நலம். பார்வையைத் தாழ்த்தவும் கற்பைப் பேணவும் அங்கு முதலில் கட்டளை பெறுவோர் ஆடவரே. பெண்டிர்க்கான கட்டளை அதனை அடுத்தே வருகிறது. 49 ஆம் அத்தியாயமோ பிறரை எள்ளுதலையும், துருவி ஆராய்தலையும், புறம்பேசுதலையும் கடுமையாக விலக்குகிறது. பிறர் பழக்கத்தைப் பழிக்கத் தொடங்கும் நாவு இம்மூன்றையும் ஒருங்கே செய்துவிடுகிறது என்பதை நாம் எண்ணுவதில்லை.

திருவள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என்னும் அதிகாரத்தில் சான்றோர்க்குத் துலாக்கோலை உவமை கூறினார். துலாக்கோல் தன்மேல் வைக்கப்பட்ட பொருளின் எடையைச் சொல்லும். வைத்தவர் யார் என்று கேட்பதில்லை. ‘புறங்கூறாமை’ அதிகாரத்தில், பிறர் குற்றத்தைக் காண்பதுபோல் தம் குற்றத்தையும் காண வல்லோர்க்குத் தீங்கு உண்டோ என்னும் கருத்தை வைத்தார். மறையும் குறளும் வேண்டுவது ஒன்றே: அளப்பவன் தன்னையும் அதே படியால் அளந்துகொள்ள வேண்டும்.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். ‘ஒரே அளவை என்றால் ஆடவர் செய்வதையெல்லாம் பெண்டிரும், முதியோர் செய்வதையெல்லாம் இளையோரும் செய்யலாம் என்பதுதானே?’ என்று வினவுவர். அன்று. நஞ்சை அனைவர்க்கும் சமமாகப் பங்கிடுதல் நீதியாகாது. எப்பழக்கத்தைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்புவோம். இதனால் செய்பவர்க்குத் தீங்கு உண்டா? அருகிலிருப்போர்க்குத் தீங்கு உண்டா? இறைவன் இதனை விலக்கியுள்ளானா? இம்மூன்றுக்கும் விடை ‘ஆம்’ எனில் அது யார் செய்யினும் தீது. ‘இல்லை’ எனில் அது யார் செய்யினும் குற்றமன்று. பயணத்தில் களைத்த ஒரு பெண் தேநீர்க் கடையில் தனியே அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீர் அருந்தினால், அதனை இன்றும் வியந்து நோக்கும் கண்கள் உண்டு. அவள் அருகே நின்று புகை விடுபவரை அக்கண்கள் காண்பதில்லை. தீங்கற்றதைப் பழித்தலும் தீங்குள்ளதைப் பொறுத்தலும் ஒரே நோயின் இரு கூறுகள்.

செய்யத்தக்கன

இந்நாட்டில் சட்டம் நம்மைக் காட்டிலும் நேராக நடந்திருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம், 18 வயது நிரம்பாதோர்க்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கஜத் தொலைவுக்குள் விற்பதையும் விலக்குகிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடித்தல் தடை விரிவாக நடைமுறைக்கு வந்தது. கல்லூரி வளாகமும் பொது இடமே. விடுதியின் பின்புறம் என்றும் ஆசிரியர் ஓய்வறை என்றும் சட்டம் வேறுபடுத்தவில்லை. மாணவனைத் தண்டிக்கும் ஆசிரியர் முதலில் தம் ஓய்வறையின் சன்னலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒழுங்குக் குழுவில் அமர்வோர்க்கு எளிய முறை ஒன்றைப் பரிந்துரைக்க விரும்புகிறோம். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், பால், குடும்பம், சமயம் ஆகிய எதையும் குறிப்பிடாமல், செயலை மட்டும் ஒரு தாளில் எழுதுக. அதற்குரிய தீர்வை முதலில் முடிவு செய்க. அதன்பின் பெயரைத் திறந்து பார்க்க. பெயரைக் கண்டதும் தீர்வை மாற்ற வேண்டும் என்று கை துடித்தால், நம்மிடம் இரண்டாவது படி ஒன்று இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

மாணவ மணிகளுக்கு ஒன்று சொல்வோம். பெரியோரின் இரட்டை அளவையைக் கண்டு ‘அவர் செய்கிறாரே, நான் செய்தால் என்ன’ என்று கேட்பது இயல்பு. அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அது உங்கள் நுரையீரலைக் காக்காது. ஊர்ப் பெரியோரைப் பணிவுடன் வேண்டுவது இது: உங்கள் பழக்கத்தைக் குறித்து இளையோர் அன்புடன் எச்சரித்தால் அதனை மரியாதைக் குறைவாகக் கொள்ளாதீர்கள். வாயில் ஆறாத புண்ணோ வெண்திட்டோ கண்டால் மூன்று வாரம் கடத்தாமல் மருத்துவரை நாடுங்கள். வீட்டுப் பெண்களிடமும் அதே அக்கறையுடன் கேளுங்கள். குற்றவாளியை விசாரிப்பதுபோல் கேட்டால் அவர்கள் மறைப்பார்கள். நோயாளியை விசாரிப்பதுபோல் கேட்டால் சொல்வார்கள்.

நிறைவாக

வணிகத்தால் உயர்ந்த சமுதாயம் நம்முடையது. படியும் தராசும் நமக்குப் புதியன அல்ல. கடைக் கல்லாவில் சரியான எடைக்கல்லை வைத்த முன்னோர் ‘ஹலால்’ என்னும் சொல்லுக்கு உரியவராய் வாழ்ந்தனர். அந்த எடைக்கல்லை வீட்டிற்கும் வகுப்பறைக்கும் ஜமாஅத் மன்றத்திற்கும் கொண்டு வருவதே இன்று நாம் செய்ய வேண்டிய பணி.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாயார் நின்ற தாழ்வாரத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. அன்று அவரை உட்காரச் சொல்லாத குற்றத்தை இனி எக்கட்டுரையாலும் ஈடுசெய்ய இயலாது. ஆயின் அடுத்த விசாரணை வரும்போது, வருகின்ற பெற்றோர் இருவர்க்கும் நாற்காலி போடலாம். பிள்ளைகள் இருவரையும் ஒரே தாளில் எழுதலாம். கொள்ளும்போதும் கொடுக்கும்போதும் ஒரே படியால் அளக்கும் உள்ளத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.